சாக்குக்கார மாமன்

ஊருக்குள் நுழையும் முன் ரத்தினசாமி சைக்கிளை விட்டு இறங்குவார். கேரியரில் கிடக்கும் காலிச் சாக்கை நாலாக மடித்துச் சீட்டின் மேல் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். சாக்கு வெளியே தெரியக் கூடாது. அப்புறம் எச்சில் தொட்டு மீசையைக் கீழ்நோக்கி நீவிவிடுவார். அது சொன்ன பேச்சைக் கேட்டால்தானே? பத்தடி போவதற்குள் பழையபடி முறுக்கிக்கொண்டு நிற்கும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு வீடாகப் புளி வாங்கி, பஸ் மேல் ஏற்றிப் பொள்ளாச்சிக் கடைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். ஊர்ப் பெண்களுக்கோ அவர் வேறொரு வேலைக்கு வேண்டும். சோறு உண்ணாத பிள்ளைக்கும் தூங்காத பிள்ளைக்கும் ஒரே மருந்து அவர்தான். "வாயத் தொற சாமி, இல்லாட்டி மாமன் சாக்குல போட்டுக் கட்டிட்டுப் போயிருவாரு" என்று சொல்லாத வீடு கிடையாது.

போன வாரம் சுப்பாத்தாள், குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் எழுதிய தன் வீட்டுச் சுவரோரம் நின்று கைதட்டிக் கூப்பிட்டாள். நிறையப் புளி இருக்கும் போல என்று வரப்பின் மேல் சைக்கிளை உருட்டி, தராசும் கையுமாகப் போய் நின்றார். புளியாவது மண்ணாவது! அவள் இடுப்பில் பையன், கையில் விளக்கெண்ணெய்க் கரண்டி.

"ஏனுங்ணா, கொஞ்சம் முழிச்சுப் பாருங்க. இவன் குடிச்சுக்கட்டும்."

ரத்தினசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாக முழிக்கவே வேண்டியிருக்கவில்லை. பையன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓவென்று அழுதான்.

அவரும் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "பசிச்சா அதே வந்து கேக்குமுங்க. சோத்து வட்டலை முன்னால வச்சுட்டு உங்க சோலியப் பாருங்க. சிந்துனாச் சிந்துது, அது கையிலயே அள்ளி உங்கட்டும்" என்று வாசல் வாசலாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். புளி வாங்க வந்தவர் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருகிறாராக்கும் என்று சிரிக்கிறார்கள். சாரமில்லீங்க, அழுதா அழுதுட்டுப் போகுது, கொழந்தைன்னா ஒரு பயம் வேணுமல்லங்க என்கிறார்கள். வயிற்றுக்குள் சோறு போவதற்குப் பயம் எதற்கு என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊராரை விடுங்கள். சொந்த வீட்டிலேயே அதே கூத்து. மனைவி மருதாத்தாளும் அப்பன் பேரையும் சாக்கையும் சொல்லித்தான் மூன்று வயது ஈஸ்வரிக்குச் சோறூட்டிப் பழக்கியிருக்கிறாள். சைக்கிள் மணி கேட்டால் போதும், மகள் குதிருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்கிறாள். மிட்டாயை நீட்டினாலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறாள். அவள் அப்பன் மடியில் உட்கார்ந்து மாதக்கணக்காகிறது.

நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான் ஓடினாள். ரத்தினசாமி மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னைய எதுக்குங்க மொறைக்கறீங்க? மூணு வேளையும் இதுகூட மல்லுக்கட்டறது நானல்லங்க" என்றாள் மருதாத்தாள்.

ரத்தினசாமி வாசலில் புளியைக் கொட்டிச் சாக்கை உதறினார். ஒரு காலை அதற்குள் விட்டார், மறு காலையும் விட்டார். மார்புவரை இழுத்துக்கொண்டு, தத்தித் தத்தி உள்ளே போய், குதிருக்கு எதிரே பொத்தென்று உட்கார்ந்தார். மருதாத்தாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குதிருக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது. சாக்கைப் பார்த்தது, அப்பனைப் பார்த்தது.

"நீயும் சோறு உங்கலையாப்பா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். ஈஸ்வரி மெல்ல வெளியே வந்தாள். தொடாமல் கிடந்த தன் வட்டிலிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ரத்தினசாமி வாயைத் திறந்தார்.