காலி அட்டையைக் காட்டி வாங்கிய தூக்கம்

நூல் மில்லில் முப்பது வருசம் ஷிப்ட் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் என் தூக்கம் ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தது. டாக்டர் பத்து நாளைக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாள் ஆறு வருசம் ஓடியது.

டாக்டர் எழுதிய சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. மாத்திரை தீர்ந்தால் காலி அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவேன்.

"அதேதானுங்ணா?" என்பார் கடைக்காரர்.

"அதேதானுங்க."

எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் வாங்குகிறோம்.

போன வருசம் சரவணம்பட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எங்கே போக வந்தேன் என்பதே மறந்துபோனது. கையில் கொய்யாப்பழப் பை. யாருக்கு வாங்கினேன் என்றும் தெரியவில்லை. உட்கார்ந்து ஒரு பழத்தைத் தின்று முடித்த பிறகுதான் மகள் நினைவுக்கு வந்தாள்.

வீட்டில் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

"மாமாவுக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது."

என் அப்பாவுக்குக் கடைசி மூன்று வருசம் நான் யாரென்றே தெரியாது. அந்தப் பயம் எனக்கும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். எனக்கு ஒன்றுதான் வந்தது. மனைவி மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தாள். ஆறு வருசம் என்றதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வயதானவர்களுக்கு இந்த மாத்திரை நினைவை மங்க வைக்குமாம். பல வருசம் சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வருகிறதோ என்ற சந்தேகமும் உண்டாம், உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

"உங்க மறதிக்குக் காரணம் மாத்திரையா, நோயான்னு மாத்திரையக் குறைச்சுப் பாத்தாத்தானுங்கய்யா தெரியும். நீங்களா ஒரேயடியா நிறுத்திப்போடாதீங்க."

அவர் சொன்ன கணக்கில் முக்கால், அரை, கால் என்று மனைவி பாக்குவெட்டியால் வெட்டித் தந்தாள். தூக்கம் கெட்டது. கோபம் வந்தது.

"முழுசா ஒண்ணு குடு அம்மணி."

"காலி அட்டையக் கொண்டாந்து காட்டுங்க, தாரேன்."

அட்டைகளையெல்லாம் அவள் எப்போதோ குப்பையில் போட்டிருந்தாள்.

மாத்திரை நின்று இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா வேறு மூன்று சொற்களைச் சொன்னார். இரண்டு வந்தது. தேறியிருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

போன வாரம் தனியாக உக்கடம் போனேன். மனைவி போனில் கூப்பிட்டாள்.

"பழம் யாருக்குங்க?"

"புள்ளைக்கு."

"எந்த ஊரு பஸ்ஸு?"

"சரவணம்பட்டி."

"செரி. வழில திங்காம கொண்டுபோய்ச் சேருங்க."