ஒரு வரிச் சாவியும் சபாபதி மாமாவும்

“பப்ளிக் கீயா, பிரைவேட் கீயா? மொதல்ல அதச் சொல்லுங்க” என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் ஜோதிகா யாரையும் உட்காரச் சொல்வாள். பிரைவேட் கீயைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களைக் கண்டால் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். “வூட்டுச் சாவிய ஊருக்கே குடுப்பீங்களா?”

பெரிய காஞ்சிபுரத்தில் புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் கடை அவளுடையது. இப்போது வெளியூர்ப் பெரிய கடைகள், புடவைப் படங்களை நேராகத் தங்கள் கம்ப்யூட்டருக்கே அனுப்பச் சொல்கின்றன. அந்தக் கதவு திறக்க வேண்டுமானால் நம் பப்ளிக் கீயை, அதாவது பிறருக்குக் கொடுக்கக்கூடிய நீண்ட எழுத்துச் சாவியை, முன்னதாக அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டும். சாவி ஒன்றுதான், வடிவம்தான் வேறு. நம்மவர்களின் மென்பொருள் தலையும் வாலும் வைத்துப் பல வரியாக மடித்துத் தரும். அங்கே ஒரே வரியாகக் கேட்பார்கள். மடித்ததை உதறி நீட்டுவது ஜோதிகாவுக்கு ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடிக்காகத்தான் தெருவே வந்து அவள் பிராணனை வாங்குகிறது.

வேற்று ஆளென்றால் திட்டி அனுப்பிவிடலாம். ஆனால் வந்திருந்த புடவை வியாபாரி சபாபதி, அவள் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். காது குத்தும்போது இவளை மடியில் வைத்துக்கொண்டவர். அன்று ஒரு மணிக்குள் அவர் பெங்களூர்க் கடைக்குப் படங்கள் அனுப்பியாக வேண்டும். தவறினால் ஆவணி முகூர்த்த ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். ஜோதிகா சாவியை மாற்றி அவர் போனுக்கு அனுப்பினாள். அவர் தம் மெயிலிலிருந்து பெங்களூருக்கு அனுப்பினார். செல்லாது என்று பதில் வந்தது. மறுபடி மாற்றிக் கொடுத்தாள். மறுபடியும் செல்லாது.

“மாமா, நடுவுல எதுனா தொட்டீங்களா?”

“நான் இன்னாத்தம்மா தொடப்போறேன்?”

போனை வாங்கிப் பார்த்தாள். சாவியின் முதல் எழுத்துக்கு முன்னால், ஒட்டினாற்போல் ஓர் ‘உ’.

“பிள்ளையார் சுழி போடாம நான் எதம்மா அனுப்பிக்கீறேன்? மொத யாவாரம் வேற.”

“அந்த மிஷினுக்குப் பிள்ளையாரத் தெரியாது மாமா. எடுத்துடறேன்.”

“போட்டத எடுக்கறதா? அப்பிடி ஒரு ஆர்டரே வாணாம், வுடு.” சொன்னதோடு நில்லாமல் எழுந்தும்விட்டார். மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது.

ஜோதிகா கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். பிறகு ‘உ’வைத் தனி வரியாக மேலே தள்ளி, அதற்கு முன்னால் ‘#’ என்று ஒரு குறி போட்டாள். “இது இருந்தா மிஷினு அந்த வரியத் தாண்டிப் பூடும். படிக்காது.”

“படிக்காட்டிப் போவுது. அவரு மேல இருந்தா சரி.”

அப்படியே அனுப்பினார்கள். சாவி சேர்ந்துவிட்டது, படங்களை அனுப்பலாம் என்று பெங்களூரிலிருந்து பதில் வந்தது.

“பாத்தியா, எப்பிடி முடிச்சுக் குடுத்தாரு.”

“அவரா முடிச்சாரு?”

மாமா வாசலில் செருப்பை விட்டு வந்து, திரைக்கு எதிரே கைகூப்பி நின்றார்.

“டைம் ஆவுது, நவுருங்க மாமா. இது இன்னா கோயிலா?” என்று பல்லைக் கடித்த ஜோதிகா, மேசைக்கு அடியில் தன் செருப்பிலிருந்து இரண்டு காலையும் உருவிக்கொண்டு, படங்களை அனுப்பினாள்.