வெஸ் காட்டிய சைகை

வெஸ் நோவட்னி பொல்லாதவன் இல்லை. எங்கள் பிராக்டன் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சோளம் விளைவிக்கிற குடும்பம். ஞாயிறு தவறாமல் தேவாலயம். யாருடைய வண்டி பனியில் சிக்கினாலும் இறங்கித் தள்ளிவிடுகிற பையன். அவனுக்குள் பொறாமை மட்டும் குடிவராமல் இருந்திருந்தால் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

எங்கள் பக்கம் கால்பந்து என்றால் கையால் எறிகிற கால்பந்துதான். பெயர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும். கல்லூரி அணியில் வெஸ் ஒரு குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா, எல்லாம் அவன் பொறுப்பு. ஆனால் களத்தில் ஒருவனுக்குத்தான் அந்த இடம். மற்றவர்கள் ஓரத்தில் நின்று கைதட்டலாம். வெஸ் மூன்று வருடம் கைதட்டினான்.

"கடைசி வருஷம் அணி உன்னோடதுடா. பொறுத்துக்கோ," என்று கோச் ஹூப்பர் வாக்குக் கொடுத்திருந்தார். காலை எப்படி வைப்பது, எப்போது கண்ணைத் திருப்புவது என்று பாதி அவனைச் செதுக்கியும் இருந்தார். அந்த மூன்றாவது வருடம் அணி தோற்றுக்கொண்டே போனது. மீதியைச் செதுக்குவதற்குள் கல்லூரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

புதிதாக வந்தவர் கோச் மாப்லி. இங்கே புதுக் கோச் தனியாக வருவதில்லை. மனைவி, நாய், உதவிக் கோச்சுகள், கூடவே பழைய கல்லூரியில் தான் வளர்த்த குவார்ட்டர்பேக் என்று மொத்தக் குடித்தனத்தையும் கட்டிக்கொண்டு வருவார். மாப்லியோடு டெக்சாஸ்காரன் ரெனோ காலவே வந்து இறங்கினான். வெஸ்ஸின் கடைசி வருடம் அவனுக்குப் போனது.

ரெனோவின் கையிலிருந்து பந்து எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு போகும். வெஸ் ராத்திரி பகலாகப் பழகியது அவனுக்குச் சிரித்துக்கொண்டே வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற பெண்மணி சில்லிக் கறிக்குழம்போடு வைக்கிற இலவங்கப்பட்டை ரொட்டியை அவனுக்கு மட்டும் பெரிதாகப் பார்த்து எடுத்துவைத்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் வெஸ்ஸின் அப்பாவே சொன்னார்: "அந்தப் பையனுக்கு என்ன கைடா! அடேயப்பா!" பெற்ற அப்பன் வாயாலேயே கேட்டதும் வெஸ்ஸுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மாப்லி அவனுக்கும் ஒரு வேலை கொடுத்தார். "எல்லா உத்தியும் உனக்குத்தான் மனப்பாடம். நீ சைகை காட்டு." ஓரத்தில் இரண்டு பையன்கள் தொப்பி போட்டுக்கொண்டு கையை ஆட்டுவார்கள். மஞ்சள் தொப்பிக்காரன் காட்டுவது எதிரணியை ஏமாற்ற. சிவப்புத் தொப்பிக்காரன் காட்டுவதுதான் நிஜம்; அது வெஸ். கோச் சொல்வது சிவப்புத் தொப்பிக்காரன் காதில் மாட்டிய கருவியில் விழும்; அவன் சைகை காட்ட, களத்திலிருக்கும் ரெனோ அதன்படி ஆடுவான். தன் இடத்தில் நிற்கிறவனுக்கு வாரா வாரம் தானே வழிகாட்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரியாது?

சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். வழக்கப்படி, படிப்பை முடிக்கிற பையன்கள் பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு களத்துக்குள் நடந்தார்கள். வெஸ்ஸின் அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு நடக்கும்போது கேட்டாள்: "இன்னிக்காவது உன்னை இறக்குவாராடா?"

"பாக்கலாம்மா."

அவன் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். இவர்கள் பார்க்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பந்து தன் கைக்கு வர வேண்டும்.

ரெனோவுக்கு அன்று கை தடுமாறியது. வடக்கு மூலைக்கு நீளமாக எறிந்த பந்து எதிராளி கையில் போய் விழுந்தது. மறுபடி அங்கேயே எறிந்தான். மறுபடியும் எதிராளிக்கே போனது. கூட்டம் தலையில் கை வைத்தது. வெஸ்ஸுக்கு உள்ளே சர்க்கரை கரைந்தது.

அணி பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய அதிக நேரமில்லை. காதில் மாப்லியின் குரல்: "ஓட்டம். இடது பக்கம். இனி எறியவே வேணாம்."

ஓட்டத்துக்கு முழங்கையைத் தட்ட வேண்டும். வெஸ் காதைப் பிடித்து இழுத்தான். அது வடக்கு மூலைக்கு நீளமாக எறியச் சொல்கிற சைகை. மூன்றாவது தடவையும் தொலைக்கட்டும், அப்புறமும் இவனை வைத்து ஆடுகிறாரா பார்ப்போம் என்று நினைத்தான். ரெனோ நம்பாமல் மறுபடி பார்த்தான். வெஸ் மறுபடி காதை இழுத்தான்.

ஓட்டத்தை எதிர்பார்த்து எதிரணி முழுவதும் முன்னால் வந்து குவிந்திருந்தது. பின்னால் ஈ காக்கை இல்லை. ரெனோ எறிந்த பந்து, தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தவனின் கையில் வந்து உட்கார்ந்தது. அவன் அப்படியே எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்தான். மைதானம் அதிர்ந்தது.

ஓரத்துக்கு ஓடிவந்த ரெனோவை மாப்லி பிடித்துக்கொண்டார். "நான் ஓட்டம்னுதானேடா சொன்னேன்!"

ரெனோ வெஸ்ஸை ஒரு பார்வை பார்த்தான்.

"நான்தான் கோச் மாத்தினேன். பின்னால காலியா இருந்துச்சு."

"இதுக்குத்தான்டா உன்னைக் கையோட கூட்டிட்டு வந்தேன்!" மாப்லி அவன் தலைக்கவசத்தில் முத்தம் கொடுத்தார்.

உதவிக் கோச் பெக், வெஸ்ஸின் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். "உனக்காகத்தான்டா எடுத்துட்டு வந்தேன்."

"எனக்கா?"

"அந்த ஓட்டம் முடிஞ்சதும், அடுத்த வாட்டி பந்து கிடைச்சா உன்னை இறக்கறதா கோச் முடிவு பண்ணிட்டாரு. அதுவரைக்கும் வம்பு வேணாம்னுதான் ஓடச் சொன்னாரு. இப்ப எப்படிடா அவனை வெளியில எடுக்கறது?" தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

முழங்கையில் ஒரு தட்டு. அவ்வளவுதான் அவன் செய்ய வேண்டியிருந்தது. தன் வாயில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவன், பெஞ்சில் உட்கார்ந்தான்.

ரெனோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், அதைக் கோச் அனுப்பலை. இல்ல?"

வெஸ் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"ரெண்டு தடவை தொலைச்சவனை மறுபடி எறியச் சொல்ற ஆளா அவரு? எனக்கு அப்பவே தெரியும். நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான் நான் மாத்தினேன்னு சொன்னேன்." கையை நீட்டினான். "இந்த மைதானத்துல ஒருத்தன்கூட என்னை நம்பலைடா. எனக்கே என் மேல நம்பிக்கை இல்லை. நீ ஒருத்தன்தான் நம்பினே."

நான் உன்னைக் கவிழ்க்கப் பார்த்தேன் என்று வெஸ் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. இதுநாள் வரை ரெனோவின் கையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தவனுக்கு, இப்போது அவனுடைய நல்ல மனசைப் பார்த்தும் எரிந்தது. அது அதைவிட அதிகமாக எரிந்தது.

நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ஆமாடா, நம்பினேன்," என்றான்.