பூஜை அறைக்கு நெடி போகாமல் சாத்திய கதவு

வைகுண்ட ஏகாதசிக்கு லால்குடியிலிருந்து நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்தது. ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் அந்த வாரம் அது சத்திரம்தான். குளியலறை அலமாரியைச் சுத்தம் செய்தபோது, பாட்டில் அடியில் கொஞ்சம் ஆசிட்டும் கட்டி தட்டிப்போன பிளீச்சிங் பவுடரும் கிடைத்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை. தரையில் கொட்டித் தேய்த்தால் இரண்டும் காலியாகும், கறையும் போகும் என்று கணக்குப் போட்டேன். நெடி பூஜை அறைக்குப் போகக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, கதவையும் உள்ளே தாழிட்டேன்.

பவுடர் மேல் ஆசிட் பட்டதும் சீறிக்கொண்டு மஞ்சளாகப் புகை எழுந்தது. ஒரு மூச்சுதான் இழுத்தேன்; தொண்டை அடைத்துக்கொண்டது. கண் எரிச்சலில் தாழ்ப்பாள் இருந்த இடம் தெரியாமல் சுவரைத் தடவினேன்.

"என்ன இப்படி இருமுற? கதவைத் திற" என்று கணவர் வெளியே தட்டினார். தட்டல் கேட்ட பக்கம் கையை வைத்தேன். தாழ்ப்பாள் அகப்பட்டது.

கதவு திறந்ததும் தண்ணீர் ஊற்ற உள்ளே போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா கஷ்டமாயிருக்கும்மா" என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் மிச்சத்தை எதனுடனும் கலப்பதில்லை, சாக்கடையிலும் ஊற்றுவதில்லை. அதனதன் பாட்டிலிலேயே இறுக மூடி, தனித்தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லி குப்பை வண்டிக்காரர் கையில் கொடுக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் வந்த நாத்தனார், "பாத்ரூம் பளிச்சுன்னு இருக்கே அண்ணி, என்ன போட்டீங்க?" என்று கேட்டாள். புகை பட்ட தொண்டையிலிருந்து அப்போது எனக்குக் குரல் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.