சவுரியம்மாளின் கழுத்தில் ஓடிய மோட்டார்

காணை ஊர்ப் பக்கம் நாற்று நடும் பன்னிரண்டு பெண்கள் கொண்ட செட்டுக்கு மூன்று வருடமாக சவுரியம்மாள்தான் முதல் ஆள். அது லேசான பதவி அல்ல. வரிசையின் ஓரத்தில் நின்று அவர் பின்வாங்குகிற வேகத்தில்தான் மற்ற பதினொரு பேரும் பின்வாங்க வேண்டும். நடவுப் பாட்டில் அவர் பெண் பார்க்கத் தொடங்கினால், பாதி வயல் தாண்டுவதற்குள் அந்தப் பெண்ணுக்கு மூன்று பிள்ளை பிறந்துவிடும். கை ஓயாமல் நடுங்கியது. நடுக்கத்திலேயே நாற்று சேற்றில் இறங்கியது. இரண்டு ஆள் சோறு தின்று அரை ஆளாக இளைத்தார். மார்கழியிலும் வியர்த்தார். உழைப்பாளி என்று ஊர் மெச்சியது.

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் அமலா மட்டும் மெச்சவில்லை; அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். நாடி நூற்று முப்பது துடித்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரம்மா விளக்கினார். கழுத்தில் இருக்கும் தைராய்டு, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி உத்தரவிட்டால் ஹார்மோன் சுரக்க வேண்டிய சுரப்பி. இப்போது மேலிடம் உத்தரவையே நிறுத்திவிட்டது. கீழே வேலை மட்டும் நிற்கவில்லை. இந்த மாவட்டத்தில் வேறெந்த இடத்திலும் காண முடியாத கடமையுணர்ச்சி. ஆனால் மாத்திரை போடாவிட்டால் இதயம் தாங்காதாம்.

"போட்டா வேகம் கொறையுமாம்மா?"

"குறையணும். அதுக்குத்தான் மாத்திரை."

சவுரியம்மாளுக்கு இதயம் பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் நிற்கும் கோவிந்தம்மாள் முதல் ஆளாகிவிடுவாரே என்பதுதான் பெரிதாகப் பட்டது. ஒரு வாரம் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தார். கணவர் தேவசகாயம் முடிச்சைக் கண்டுபிடித்தார்.

"மூணு வருஷமா நீ ஓடிக்கினே கீற. உன் மூஞ்சிய நான் நேரா பாத்ததே இல்ல. முழுங்குடி."

முழுங்கினார். இரண்டு மாதத்தில் நடுக்கம் நின்றது, கன்னம் திரும்பி வந்தது, சம்பா நடவும் வந்தது. பழைய இடத்தில் நின்று பாட்டெடுத்தார். பாட்டில் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் செருப்பே கழற்றவில்லை. மற்ற பதினொரு பேரும், மூன்று வருடம் பழகிய வேகம் குறையாமல், வயலை முடித்து எதிர் வரப்பில் ஏறிவிட்டார்கள்.

"இன்னாக்கா, தூங்கிக்கினு நடுறியா?" என்றார் கோவிந்தம்மாள்.

சவுரியம்மாள் இடுப்பை நிமிர்த்தி முதல்முறையாக அவர்களை நிதானமாகப் பார்த்தார். பதினொரு பேருக்கும் மூச்சிரைத்தது. வியர்வை கொட்டியது. கை நடுங்கியது.

மெதுவாக நடந்து கரையேறினார். "எல்லாரும் கழுத்தக் காட்டுங்கடி" என்று ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்.

பத்துப் பேர் காட்டினார்கள். மறுநாளிலிருந்து முதல் ஆளாகப்போகும் கோவிந்தம்மாள் மட்டும் முந்தானையைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.