கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போன சனிக்கிழமை

என் கணவர் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனி, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் பெங்களூரில் சத்தமில்லாமல் மூடிக்கொண்ட பல கம்பெனிகளில் ஒன்று. மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் ஓர் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தவரை ஆச்சரியமாகப் பார்த்தேன். "இன்னைக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்க" என்றார். மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பியபோதும் அவர் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

நாங்கள் நீலசந்திராவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என் சம்பளம் போதும், அதனால் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினார். முதலில் இன்டர்வியூக்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு அழைப்பு வருவது நின்றது. பேப்பர் படிப்பதை விட்டார். ஷேவ் செய்வதையும் விட்டார். கீழ்வீட்டு அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏம்மா, சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். "நைட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடுவேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார். "ரெடியா வாங்கினா ஜாஸ்தி ஆகும். பார்ட் பார்ட்டா வாங்கி நானே மாட்டிடுவேன்."

"வேலை தேடறதுக்கா?"

"அதுக்கும் ஆகும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கேம்ஸ் விளையாடணும்."

அது எந்த விளையாட்டு என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் நாட்களில் வேலை முடிந்த பிறகு, அவரும் உடன் வேலை பார்த்த நான்கு பேரும் அவரவர் மேஜையில் உட்கார்ந்து ஒரே யுத்த விளையாட்டை ஆடுவார்கள். துப்பாக்கியோடு ஒருவரையொருவர் தேடி ஓடுவது. அந்த நால்வரும் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது ஆளுக்கொரு திசையாகப் போயிருந்தார்கள்.

சரி என்றேன். சரி என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கம்பெனி கொடுத்த கடைசித் தொகையில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினோம். அதைத் தாண்டக் கூடாது என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு அவர் பஸ் ஏறிப் போவார். சாயங்காலம் நான் திரும்பும்போது கையில் காபியோடு காத்திருப்பார். எல்லாப் பாகங்களும் போய் உட்காருகிற பலகை மதர்போர்டு. விளையாட்டில் படம் தடங்கலில்லாமல் ஓடுவதற்கு கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று வேண்டும். விலை குறைந்த மதர்போர்டுகளில் அந்தக் கார்டைச் செருக இடமே இருக்காது. இடமுள்ள போர்டை வாங்கினால் மெமரியைக் குறைக்க வேண்டும். மெமரியை விடாமல் பிடித்தால் மானிட்டர் சின்னதாகிவிடும். எங்கே கை வைத்தாலும் இன்னொரு பக்கம் இடித்தது.

எனக்குப் பாதி புரியாது. ஆனால் எஸ்.பி. ரோட்டுக்குப் போகும் நாட்களில் அவர் ஷேவ் செய்துகொள்கிறார் என்பதைக் கவனித்தேன். அதன்பிறகு, இந்தத் தேடல் முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாம் முடிவாகிற மாதிரி இருக்கும்போது நானே, "மானிட்டர் கொஞ்சம் பெருசா இருந்தா கண்ணுக்கு நல்லதில்லையா?" என்று எதையாவது கிளப்பிவிடுவேன். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

எப்படியும் ஒரு நாள் முடிவாகத்தானே வேண்டும். ஒரு சனிக்கிழமை, "நீயும் வா, இன்னைக்கு வாங்கிடலாம்" என்றார்.

கடை ஒரு குறுகலான மாடிப்படிக்கு மேலே இருந்தது. சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். கல்லாவில் இருந்தவர் என் கணவரை அடையாளம் கண்டுகொண்டார். தமிழும் கன்னடமும் கலந்த பெங்களூர்ப் பேச்சு அவருக்கு; 'வாங்க' என்பதைக் கன்னடத்தில் 'பன்னி' என்பார்.

"பன்னி சார், பன்னி. மேடமும் வந்திருக்காங்க, இன்னைக்கு கன்ஃபர்ம்தான்." பெட்டிகளை எடுத்துவைத்துக்கொண்டே, "கேக்கவே மறந்துட்டேன். எதுக்கு சார் மிஷின்? வீட்டுக்கா, வேலைக்கா?" என்றார்.

என் கணவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, "வேலைக்குத்தான். வீட்ல இருந்தே ஒரு ப்ராஜெக்ட் பண்றேன்" என்றார்.

பொய். அதை அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். கடைக்காரர் பெட்டி எடுப்பதை நிறுத்தினார்.

"ப்ராஜெக்ட்டுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய கார்டு? சும்மா துட்டு வேஸ்ட். போர்டுலயே டிஸ்ப்ளே வரும், அதே சாக்கு, அதுவே போதும். கார்டை விடுங்க, அந்தக் காசுல மெமரி ஜாஸ்தி போட்டுத் தர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எங்கள் பணத்தை மிச்சப்படுத்தப் பார்த்தார். என் கணவர், "இல்ல, பின்னாடி தேவைப்படலாம்..." என்று இழுத்தார். "பின்னாடி வேணும்னா பின்னாடி வாங்குங்க சார், விலை இறங்கிடும்" என்று கடைக்காரர் கார்டுப் பெட்டியை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தார். என் கணவர் அந்தப் பெட்டி போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சரி, அப்போ அது இல்லாமலே போடுங்க" என்றார்.

வாரக்கணக்காக அந்த ஒரு பெட்டிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு வந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, அந்தக் கார்டு வேணும்" என்றேன். "அவருக்கு கேம்ஸ் விளையாடத்தான் வாங்குறோம்."

கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் திரும்பி என் கணவரைப் பார்த்தார்கள். கடைக்காரர்தான் சிரித்தார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்! நானும் விளையாடறவன்தான்" என்று பெட்டியை மறுபடி எடுத்தார். என் கணவரின் காது மடல்கள் சிவந்திருந்தன.

ஆட்டோவில் மானிட்டர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. கார்டுப் பெட்டியை அவர் மடியில் வைத்திருந்தார். டவுன்ஹால் தாண்டியதும், "கோவமாங்க?" என்றேன்.

"இல்ல."

"கார்டு இல்லாம வந்திருந்தா இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்."

"ஆமா" என்றார்.

மறுநாள் கூடத்தில் பழைய பெட்ஷீட் விரித்து எல்லாவற்றையும் மாட்டினார். நான் டார்ச் பிடித்தேன். ஒரு திருகு உள்ளே விழுந்து, இருவரும் கேபினெட்டைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினோம். ஸ்விட்ச் போட்டதும் ஒரு சின்ன பீப் சத்தம் வந்து திரையில் எழுத்து ஓடியது. அவர் என்னைப் பார்த்தார். வெகுநாள் கழித்து நேராகப் பார்த்தார். உடனே நண்பர்களில் ஒருவருக்குப் போன் போட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். இன்னொருவர் எடுத்தார். சிங்கப்பூர் கிளம்பிக்கொண்டிருந்தார், பேச நேரமில்லை. "சும்மாதான் கூப்பிட்டேன், மச்சி" என்று இவர் போனை வைத்துவிட்டார்.

சில நாட்கள் கழித்துப் பள்ளி முடிந்து வந்தபோது அவர் விளையாடிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். பாலைவனம் போன்ற ஓர் ஊர், சந்துகள், ஓடுகிற சிப்பாய்கள். சேர்ந்து ஆட ஆள் இல்லாதவர்களுக்காகக் கம்ப்யூட்டரே நடத்தும் சிப்பாய்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் விரும்பும் பெயரை வைக்கலாமாம். யாராவது விழும்போதெல்லாம் திரை ஓரத்தில் பெயர் வரும். ஒரு பெயர் வந்தது. இன்னொன்று வந்தது. நான்கும் எனக்குத் தெரிந்த பெயர்கள். என் கையால் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, ரசம் இன்னும் கொஞ்சம்" என்று கேட்டவர்களின் பெயர்கள்.

நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும். திரும்பவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். தோளில் கை வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். கடையில் வாய் திறந்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தேன். சமையலறைக்குப் போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். அங்கிருந்தும் சுடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மழைக்காலம் வருவதற்குள் அவர் அதை ஆடுவதைத் தானாகவே நிறுத்திவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. நான் அந்தக் கம்ப்யூட்டரில் வினாத்தாள் அடித்துக்கொண்டேன். பிறகு பக்கத்து ஏரியாவான ஆடுகோடியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பழையதைவிட நன்றாகவே குறைந்த சம்பளம்.

சேர்ந்த அன்று காலை ஷூ மாட்டிக்கொண்டே, "இந்தக் கம்பெனியும் எத்தனை நாளைக்கு ஓடும்னு தெரியல" என்றார்.

டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக் கொடுத்தேன். "தயிர் தனியா வெச்சிருக்கேன், சிந்திடாம பாத்துக்கோங்க" என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கினார். நான் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, அவர் தெருமுனையில் கூட்டத்தோடு கூட்டமாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.