மஸீஹா டீச்சர் திருப்பி எழுதிய கணக்கு

மஸீஹா டீச்சருக்குப் பிழை விடுவது என்றால் ஆகாது. ஊரில் யார் வேண்டுமானாலும் விடட்டும், அவர் விடக்கூடாது. இருபத்தேழு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறார். கரும்பலகையில் எழுதிய ஒரு வரியைக்கூட "பொறுங்க புள்ளைகளே" என்று அழித்துத் திருத்தியது கிடையாது. முதல் நாளே வீட்டில் எல்லாக் கணக்கையும் செய்து பார்த்துவிட்டுத்தான், காலையில் மாத்தளை டவுனில் பஸ் ஏறி மலைமேல் இருக்கும் தோட்டப் பாடசாலைக்குப் போவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று சக ஆசிரியைகள் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் அப்போது தோன்றும்.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிய இரண்டாவது வருடம் அது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். பத்துப் பேர் கணிதத்தில் சித்தியடைந்தால் போதும் என்று டீச்சர் தொழுகையில் துஆ கேட்டார். பதினோராவது கிருஷாந்தினி. அவளுக்கு துஆகூடத் தேவையில்லை. டீச்சர் கேள்வியை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிற பிள்ளை. அந்தப் பாடசாலையில் கணிதத்தில் ஏ எடுத்தவர் அதுவரை ஒருவருமில்லை. இவள் எடுப்பாள், எடுத்து உயர் தரத்துக்கு டவுன் பாடசாலைக்கு வருவாள், தன் கண்முன்னே வளர்வாள் என்று டீச்சர் மனதுக்குள் எல்லாவற்றையும் முடிவுகட்டி வைத்திருந்தார்.

ஆடி மாதம் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தபோது, அச்சடித்த வினாத்தாள்களைக் கொடுக்க ஒரு திரீவீல் பிடித்து, பிள்ளைகள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கே போனார். அங்கேதான் கிருஷாந்தினியின் அம்மா புஷ்பவதி அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இவ சும்மாதானே இருக்கா டீச்சர். எங்க அண்ணன் கொழும்புல ஒரு நோனா வீட்டுல பேசி வச்சிருக்கு. கைப்புள்ளயப் பாத்துக்கிற வேலதான். பஸ் ஓடத் தொடங்குனதும் வந்து கூட்டிட்டுப் போறேங்குது."

"என்ன புஷ்பவதி பேசுறீங்க? பரீட்சை இருக்குதே!"

"படிப்பு எங்கங்க டீச்சர் நடக்குது? நீங்க போன்ல பேசி அனுப்புறத இவளும் கேக்கத்தான் செய்யிறா. கணக்க வாயால சொன்னா விளங்குமா?"

அது நியாயமான கேள்வி. டீச்சருக்கே தெரியும், வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பிக் காரணிப்படுத்தல் படிப்பிக்க முடியாது என்று. அந்த இடத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"அடுத்த கிழமையிலருந்து சூம்ல எடுக்கிறேன். நான் எழுதுறத இவ போன்ல பாக்கலாம். தினமும் நாலு மணிக்கு. அப்பிடி வகுப்பு நடந்தா பரீட்சை முடியும் வரைக்கும் இவள அனுப்பப்படாது. சரியா?"

"கண்ணால பாக்கிற மாதிரி படிப்பு நடந்தா நான் ஏன் டீச்சர் அனுப்பப் போறேன்? அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

கிருஷாந்தினி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். டீச்சர் வீராப்பாகத் திரீவீலில் ஏறினார். சூம் என்பது பச்சையா நீலமா என்றுகூட அன்று அவருக்குத் தெரியாது.

நல்லவேளையாக அந்தச் சனிக்கிழமையே ஆசிரியர்களுக்கு இணைய வழியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். நடத்தியவர் பிரதீஷ், முப்பது வயது இளைஞர், ஒரு காலத்தில் டீச்சரிடமே கணிதம் படித்தவர். நாற்பது ஆசிரியர்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். பிரதீஷ் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார்: இதை அமத்தினால் சத்தம் நிற்கும், அதை அமத்தினால் படம் வரும், எல்லார் மைக்கையும் ஒரேயடியாகப் பூட்ட இது. டீச்சர் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அதே கொப்பியைத் தற்செயலாகப் போனுக்கு நேரே பிடித்தபோது திக்கென்றது. எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது, இடது வலதாகவும் வலது இடதாகவும்.

கேட்டிருக்கலாம். "சேர், இது ஏன் திருப்பிக் காட்டுது?" என்று ஒரே ஒரு வரி. பிரதீஷ் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன்னிடம் படித்த பையனிடம், ஐம்பத்து நாலு வயதில் அதைக் கேட்க நா எழும்பவில்லை. "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று பிரதீஷ் கேட்டார். "இல்லை சேர், விளங்குது" என்று எல்லாரும் சொன்னார்கள், டீச்சரும் சொன்னார். வெட்கம் இருக்கிறதே, அது எந்த வயதிலும் மனிதரை விடாது.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஓதல் பள்ளியில் சின்ன வயதிலேயே அரபை வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கை அது. போன் திருப்பிக் காட்டினால் நாம் திருப்பி எழுதிவிட்டால் போயிற்று! மேசைமேல் வெள்ளைப் பலகையை நிறுத்தி, வலது ஓரத்தில் தொடங்கி, மூன்றையும் ஏழையும் புரட்டிப் போட்டு, அடைப்புக்குறிகளை மாற்றி எழுதினார். முதலில் கோணல்மாணலாக வந்தது. அஸர் தொழுகைக்குள் கை பிடிபட்டுவிட்டது. போன் திரையில் எல்லாம் நேராக, அழகாகத் தெரிந்தது.

"என்ன மஸீஹா, கணக்க அரபு மாதிரி எழுதுற?" என்று கணவர் ஸக்கரியா எட்டிப் பார்த்தார்.

"போன் திருப்பிக் காட்டுதுங்க. நான் திருப்பி எழுதினாத்தான் புள்ளைகளுக்கு நேராத் தெரியும்."

"மாஷா அல்லாஹ்! இதெல்லாம் வேற யாருக்கு வரும்?" என்று அவர் மனமாரச் சொன்னார். டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

திங்கட்கிழமை நான்கு மணிக்குப் பதினொரு பேரும் வந்தார்கள். லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கியடியில்தான் சூம் ஓடுமளவுக்கு சிக்னல் கிடைக்கும் என்பதால் எல்லாரும் அங்கே ஏறி நின்றார்கள். சேவல் கூவிற்று, யாரோ யாரையோ ஏசினார்கள். டீச்சர் எல்லார் மைக்கையும் பூட்டினார். டேட்டா முடிந்துவிடும் என்று படத்தையும் பூட்டச் சொன்னார். பிறகு திருப்பி எழுதத் தொடங்கினார், நாற்பது நிமிடம் வியர்க்க விறுவிறுக்க. முடிவில் வழமைபோல "விளங்குதா புள்ளைகளே?" என்று கேட்டார். "விளங்குது டீச்சர்" என்று பதினொரு பேரும் எழுதி அனுப்பினார்கள். வகுப்பறையிலும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள், விளங்கினாலும் விளங்காவிட்டாலும்.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. வியாழக்கிழமை வேகமே வந்துவிட்டது, பலகை நிறைய எழுதினார். அன்று மாலை, செய்த கணக்குகளைப் படம் பிடித்து வெள்ளி காலையில் அனுப்பும்படி சொன்னார்.

வெள்ளி பத்தரைக்குப் படங்கள் வந்தன. முதலில் ரமேஸின் கொப்பி. படம் புரண்டு கிடக்கிறதோ என்று டீச்சர் போனைத் திருப்பினார். தலைகீழாகத் திருப்பியும் சரிவரவில்லை. அந்தப் பிள்ளை பக்கம் முழுவதையும், திகதியிலிருந்து கடைசி விடை வரை, வலமிருந்து இடமாக எழுதியிருந்தான். ஏழு புரண்டு நின்றது. அடுத்தது அனுஷியாவின் கொப்பி, அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அட என் றப்பே! போன் டீச்சருக்கு மட்டும்தான் திருப்பிக் காட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் எழுதியதை எழுதியபடியே காட்டியிருக்கிறது. நான்கு நாளும் அவர்கள் பார்த்தது புரண்ட கணக்கு. பார்த்ததைப் பார்த்தபடி பயபக்தியோடு கொப்பியில் இறக்கியிருக்கிறார்கள்.

கிருஷாந்தினியின் படம் கடைசியாக வந்திருந்தது. அவள் எல்லாவற்றையும் நேராக எழுதியிருந்தாள். பன்னிரண்டு கணக்கும் சரி.

டீச்சர் அவளுக்குத்தான் முதலில் போன் எடுத்தார். எடுத்தது புஷ்பவதி.

"அவ இல்லீங்க டீச்சர். காலையில எங்க அண்ணன்கூடப் போயிட்டா. பதினொன்னே முக்கால் கொழும்பு பஸ். வீட்டுப் பாடத்த அனுப்பிட்டுத்தான் போவேன்னு அடம்புடிச்சு, இப்பத்தான் டவுன்லருந்து அவ மாமா போன்ல அனுப்புனா."

"நான்தான் வகுப்பு எடுத்தேனே புஷ்பவதி! நாலு நாளும் எடுத்தேனே!"

புஷ்பவதி அடங்கிய குரலில் சொன்னாள். "நேத்து அண்ணன் தாங்கியடிக்கு வந்து போனப் பாத்துச்சு டீச்சர். என்னயும் கூப்பிட்டுக் காட்டுச்சு. நான் எழுதப் படிக்கத் தெரியாதவதான். ஆனா எழுத்து எந்தப் பக்கமாப் போகும்னு எனக்கும் தெரியுமுங்க. புள்ளைங்கள ஏமாத்துறதுக்குக் கிறுக்கிக் காட்டுறாங்கன்னு அண்ணன் சொல்லுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

"ஏமாத்தலம்மா! அல்லாவே, நான் ஏமாத்தல!" என்று கத்திவிட்டு டீச்சர் செருப்பை மாட்டினார். மணி பதினொன்று பத்து. ஒரு திரீவீல்கூடக் கண்ணில் படவில்லை. ஐம்பத்து நாலு வயதில், முகக்கவசம் மூச்சை முட்ட, கடைத்தெருவை ஊடறுத்து ஓடினார். எதிர்ப்பட்டவர்கள் யாரோ மௌத்தாகி, சாவு வீட்டுக்கு ஓடுகிறார் என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

கொழும்பு பஸ் நிறைந்து நின்றது. "கொளம்ப, கொளம்ப" என்று கொண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். நடுவில் ஜன்னலோரமாகக் கிருஷாந்தினி உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த மாமா மாடசாமி டீச்சரைக் கண்டதும் மரியாதையாக எழுந்து இறங்கி வந்தார். அவர் கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தில் வாச்சர். கெட்ட மனிதர் இல்லை.

டீச்சர் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். போன் திருப்பிக் காட்டியதையும், தான் திருப்பி எழுதியதையும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகியதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது பைத்தியக்காரத்தனமாக அவர் காதுக்கே கேட்டது.

"நீங்க சொல்றது உண்மன்னே வச்சுக்குவோம் டீச்சர்," என்றார் மாடசாமி. "பரீட்சை எப்ப?"

"திகதி இன்னும் சொல்லல. தள்ளிப் போட்டிருக்காங்க."

"பள்ளிக்கூடம் எப்பத் தொறப்பாங்க?"

"அதுவும் தெரியாது."

"அப்ப எது வரைக்கும் இவள வீட்டுல வச்சிருக்கச் சொல்றீங்க? மறுபடியும் பஸ்ஸ நிப்பாட்டப் போறாங்களாம். இன்னிக்கு விட்டா அந்த நோனா வேற ஆளப் பாத்துக்குவாங்க."

டீச்சருக்குக் கணிதமும் சரி, இஸ்லாம் சொல்லும் பொறுமையும் சரி, எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. மாடசாமி தலையைத் தாழ்த்திக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

டீச்சர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். "உனக்கு மட்டும் எப்பிடிடி நேரா எழுத வந்திச்சு?"

"மொத நாளே கண்டுபுடிச்சிட்டேன் டீச்சர். போன்ல ஒரு படம் புடிச்சு, வீட்டுக்குப் போயி மூஞ்சி பாக்கிற கண்ணாடியில காட்டி நேரா எழுதிக்கிட்டேன். கணக்கெல்லாம் நல்லா விளங்கிச்சு."

"தெரிஞ்சிட்டு ஏன்டி சொல்லல? திங்கக்கிழமயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே திருத்தியிருப்பேனே! உன் மாமா நேத்து நேராத்தானே பாத்திருப்பாரு!"

டிரைவர் பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணினான். கிருஷாந்தினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"தாங்கியடியில எல்லாரும் பேசிக்கிட்டோம் டீச்சர். நீங்க ஒருநாளும் பிழ விட்டதில்லயே. சொன்னா நீங்க வெக்கப்படுவீங்கன்னு ரமேசுதான் சொல்ல வேணாம்னான். நாங்களும் சரின்னுட்டோம்."

பஸ் நகர்ந்தது. அந்தப் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால்கூட டீச்சருக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவர் பஸ்ஸின் பக்கத்தில் கையால் அடித்துக்கொண்டே ஓடினார்.

"எனக்கென்னடி வெக்கம்! எனக்கென்ன வெக்கம்! தெரியாமத்தான் எழுதினேன், பிழையாத்தான் எழுதினேன்! இறங்குடி புள்ள, எனக்கு ஒரு வெக்கமுமில்ல!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பழைய மாணவர்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள், தெரிந்த கடைக்காரர்களும் நின்றிருந்தார்கள். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. பஸ் அம்மன் கோயிலைத் தாண்டிப் போன பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.